கேமராவோடு கான்சாய்: தங்குவது ஒசாகாவிலா, கியோட்டோவிலா, நாராவிலா?

போன மாதம் சித்தப்பா மகன் போனில் கூப்பிட்டான். "அண்ணா, நவம்பர் மூணாவது வாரம் ஜப்பான் போறோம். அஞ்சு ராத்திரி. டோக்கியோ பக்கமே போகல. ஒசாகால ஒரு ரூம் போட்டுட்டு தினமும் கியோட்டோ, நாரான்னு ரயில்ல போயிட்டு வந்துடலாம்ல?"

கான்சாய் என்கிற இந்த மேற்கு ஜப்பான் பகுதிக்குப் போகிற எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், கணக்கும் சரியாகத்தான் தெரிகிறது. ஒசாகாவிலிருந்து கியோட்டோவுக்கு ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) விரைவு ரயிலில் அரை மணி நேரம், கட்டணம் 600 யென்னுக்குள். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நாராவுக்குக் கின்டெட்சு என்ற தனியார் ரயிலில் 40 நிமிடம், 700 யென்னுக்குள். அறை வாடகை ஒசாகாவில் குறைவு, விமான நிலையமும் அந்தப் பக்கம்தான். கேமரா இல்லாமல் போகிறவர்களுக்கு நானும் ஒசாகா என்றுதான் சொல்வேன்.

ஆனால் இவன் கையில் கேமரா இருக்கிறது. இரண்டு லென்ஸும் அதற்கென்று தனியாக ஒரு பையும் வைத்திருக்கிறான். அவனுக்குக் கணக்கு வேறு. நல்ல படம் கிடைப்பது காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் ரயிலில் உட்கார்ந்திருந்தால், ஊர் எவ்வளவு பக்கம் இருந்தும் பிரயோஜனமில்லை. நவம்பர் மூன்றாவது வாரத்தில் அங்கே சூரியன் உதிப்பது ஆறரை மணி வாக்கில், மறைவது ஐந்துக்குப் பத்து நிமிடம் முன்னால். கோயில்கள் பலவும் நாலரை, ஐந்துக்கெல்லாம் சாத்திவிடுவார்கள். அதனால் நான் அவனிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: விடியற்காலையில் எந்தத் தெருவில் நடக்கப் பிரியப்படுகிறாய்?

நான் மூன்று ஊர்களிலும் தங்கியிருக்கிறேன். முதல் தடவை ஒசாகா, அடுத்த தடவை கியோட்டோ, கடைசியாக நாரா. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒசாகாவில் தங்கிய வாரத்தில் ஒரு நாள் கியோமிசு கோயிலுக்கு விடியலில் போய்விட வேண்டும் என்று அலாரம் வைத்து எழுந்தேன். அந்தக் கோயில் வருஷம் முழுக்கக் காலை 6 மணிக்குத் திறக்கும். கியோட்டோவின் பெரிய கோயில்களில் இது அபூர்வம். முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து, கியோட்டோ நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்று, மேட்டில் ஏறி வாசலுக்குப் போய்ச் சேரும்போது ஏழாகப் போகிறது. முதல் கூட்டம் அதற்குள் உள்ளே போய், செல்ஃபி எடுத்து, திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலையும் அதே கதைதான். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே "ரயிலில் உட்கார இடம் கிடைக்க வேண்டுமே" என்ற நினைப்பு வந்துவிட்டது. மூன்றாவது நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். தினமும் போய் வரும் திட்டம் கேட்க நன்றாக இருக்கும், உடம்பு மூன்று நாளில் கைவிட்டுவிடும்.

ஒசாகா படம் எடுக்க ஆகாத ஊர் என்று இதற்கு அர்த்தமில்லை. அது ராத்திரி ஊர். தோதோன்போரி கால்வாயின் எபிசு பாலத்தில் நின்றால், கைகளை விரித்து ஓடும் கிளிக்கோ விளம்பரப் பலகையைப் பார்க்கலாம். எல்லோரும் எடுக்கும் படம் அது, எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எனக்குப் பிடித்த இடம் அங்கிருந்து சில நிமிட நடையில், உணவகங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஹோசென்ஜி. சின்னஞ்சிறு கோயில், ராத்திரியிலும் திறந்தே இருக்கும். உள்ளே ஃபுடோ மியோ என்ற காவல் தெய்வத்தின் சிலை ஒன்று உண்டு. வருகிறவர்கள் எல்லாம் அகப்பையில் தண்ணீர் மொண்டு அதன் மேல் ஊற்றி வேண்டிக்கொள்கிறார்கள். வருஷக்கணக்காக ஊற்றிய தண்ணீரில் சிலை முழுக்கப் பாசி படர்ந்து, முகம் எது, தோள் எது என்றே தெரியாது. பச்சைக் கம்பளி போர்த்திய மாதிரி நிற்கும். அபிஷேகம் பார்த்து வளர்ந்த நமக்கு அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து கோட் போட்டுக்கொண்டு வரும் ஒருவர், பையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு அகப்பைத் தண்ணீர் ஊற்றி, கை கூப்பி, பையை எடுத்துக்கொண்டு போகிறார். மொத்தம் அரை நிமிடம். தண்ணீர் சிலையில் பட்டுத் தெறிக்கும் நொடியில், பின்னால் தொங்கும் காகித விளக்கின் வெளிச்சம் துளிகளில் ஏறும். 35 மி.மீ. லென்ஸ், 1/60 நொடி போதும். அதைவிட வேகமாக எடுத்தால் தண்ணீர் கண்ணாடித் துண்டு மாதிரி உறைந்து நிற்கும், எனக்கு அது பிடிப்பதில்லை. கும்பிடுகிறவரின் முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். முதுகே போதும்.

சரி, கியோட்டோ.

அங்கே தங்கினால் லாபம் காலை. ஹிகாஷியாமா பகுதியில், அதாவது ஊரின் கிழக்கு மலையடிவாரத்தில் அறை எடுத்தால் கியோமிசுவுக்கு நடந்தே போகலாம். போகும் வழியில் சன்னென்சாகா படிக்கட்டுத் தெரு. பகலில் ஐஸ்கிரீம் கடை, வாடகைக் கிமோனோ, குடைக் கூட்டம் என்று கால் வைக்க இடமிருக்காது. ஆறு மணிக்குக் கடைகள் எல்லாம் மரப்பலகை அடைத்து, தெரு பழைய காலத்துக்குப் போயிருக்கும். யசாகா கோபுரத்தை எல்லோரும் கீழிருந்து, மேற்குப் பக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால்தான் எழும். காலையில் நிழல் உருவம்தான் கிடைக்கும். கோபுரத்தின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டுமென்றால் சாயங்காலம் வர வேண்டும். இது கிழக்கு மலையடிவாரம் முழுமைக்கும் பொருந்தும். மலை மறைப்பதால் வெயில் தாமதமாக வரும், அதுவரை நீலம் கலந்த மென்மையான வெளிச்சம். கியோமிசுவின் மர மேடை 13 மீட்டர் உயரத் தூண்களில் நிற்கிறது, இப்போதிருக்கும் கட்டடம் 1633இல் கட்டியது. அதை எதிரே உள்ள ஓகுனோயின் மண்டபத்திலிருந்து எடுப்பதுதான் வழக்கம். அப்போது சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வரும் என்பதால், மலையைத் தாண்டி முதல் வெயில் மேடையில் விழும் நேரம் பொறுத்திருந்தால் கை நிறையக் கிடைக்கும்.

ஃபுஷிமி இனாரி கோயிலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. ஜே.ஆர். நாரா பாதையில் கியோட்டோ நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம். பல்லாயிரம் தோரி வளைவுகள், அதாவது கோயில் வாசல் வளைவுகள், என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் பக்கத்தில் நின்று பாருங்கள். தூணின் அடிப்பகுதியில் கறுப்புப் பூச்சு, அதற்கு மேல் செந்தூர நிறம். பழைய தூண்களில் நிறம் வெடித்து, உள்ளே மரம் உளுத்து, ஈரம் ஏறியிருக்கும். மேலே ஏறும்போது தூண்கள் மொட்டையாகத் தெரியும். திரும்பிப் பார்த்தால் அவற்றின் பின்புறம் முழுக்கக் கறுப்பு எழுத்து: வளைவை நன்கொடையாகக் கொடுத்தவரின் பெயரும் தேதியும். எழுத்து வேண்டுமா, வெறும் நிறம் வேண்டுமா என்பதைப் பொறுத்து ஏறும்போது எடுப்பதா, இறங்கும்போது எடுப்பதா என்று முடிவு செய்யலாம். இன்னொன்று, அந்தச் சுரங்கத்துக்குள் வெளிச்சமே செந்தூரமாகி மனிதர்களின் தோலில் ஏறிவிடும். கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை (ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்) அதைச் சரிசெய்கிறேன் என்று போய் வளைவுகளைச் சாயம் போன ரோஜா நிறமாக்கிவிடும். பகல் வெளிச்சத்துக்கு வைத்துப் பூட்டிவிடுங்கள். கூட்டம் பெரும்பாலும் முதல் அரை மணி நேர ஏற்றத்தோடு நின்றுவிடும். யொத்சுத்சுஜி என்ற சந்திப்பில் ஊர் கீழே விரிந்து தெரியும். அதற்கு மேல் நீங்களும் கல்நரிகளும்தான்.

நவம்பரில் கியோட்டோவுக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. மேப்பிள் இலை சிவக்கும் அந்த நாட்களில் கியோமிசு, கோடாய்ஜி, எய்கன்டோ போன்ற கோயில்களை ராத்திரியும் திறந்து விளக்குப் போடுகிறார்கள். மற்ற இரண்டு ஊர்களில் இந்த அளவுக்குக் கிடையாது.

ஆனால் இலை சிவப்பதைப் பார்க்க ஜப்பானே கிளம்பி வந்துவிடும். அறை வாடகை ஏறும், பஸ்ஸில் ஏறவே முடியாது. கேமராக்காரர்களுக்குத் தனியாகச் சில தடைகளும் உண்டு. சன்ஜூசன்கென்டோவில் கன்னன் என்ற கருணைப் போதிசத்துவரின் 1,001 சிலைகள் வரிசையாக நிற்கும் அந்த நீண்ட மண்டபத்தில் படமே எடுக்கக் கூடாது. தோஃபுகுஜி கோயிலில் மேப்பிள் பள்ளத்தாக்கின் மேல் போகும் பாலத்தில், இலையுதிர் காலக் கூட்டத்தின்போது கேமராவைத் தூக்க விடமாட்டார்கள். கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்களான கெய்கோ, மைக்கோ பெண்களை வழிமறித்து, துரத்தித் துரத்திப் படம் எடுத்ததால் வந்த வினை அது. நான் அந்தச் சந்துகள் பக்கம் கேமராவைக் கொண்டுபோவதையே விட்டுவிட்டேன். முக்காலியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பெரிய கோயில்கள் பலவற்றில் அனுமதி இல்லை. 'சட்சுஎய் கின்ஷி' என்ற இரண்டு வார்த்தையைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்: படம் எடுக்கத் தடை.

கின்காகுஜி, அந்தத் தங்க மண்டபம், காலை 9 மணிக்குத்தான் திறக்கும். நீங்கள் பார்ப்பது 1955இல் திரும்பக் கட்டியது. பழையதை 1950இல் இளம் துறவி ஒருவர் கொளுத்திவிட்டார். குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று எல்லோரும் எடுக்கும் படத்தை நீங்களும் எடுக்கலாம். எனக்கு அங்கே பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

இப்போது நாரா. எனக்கு இந்த ஊர் மேல் கொஞ்சம் பட்சபாதம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாராவுக்கு வருகிற பயணிகளில் பெரும்பாலோர் பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒசாகாவிலும் கியோட்டோவிலும் அறை போட்டவர்கள் அவர்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும் இரண்டு வேளையிலும் ஊர் காலியாக இருக்கிறது, அங்கே தூங்குகிறவர்களுக்கு மட்டும். பூங்காவுக்கு வேலி கிடையாது, வாசல் கிடையாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் திரிகின்றன. விடியலில் தோபிஹினோ புல்வெளிக்குப் போனால், குளிர்ந்த நாட்களில் தரையில் ஒரு முழ உயரத்துக்கு மூடுபனி கிடக்கும். மான்கள் அதில் முழங்கால் வரை மூழ்கி நிற்கும், வாயிலிருந்து ஆவி பறக்கும். 70-200 ஜூம் லென்ஸ் கொண்டுபோனதற்கு அந்த ஒரு காலை போதும். பத்து மணிக்கு மேல் அதே மான்கள் பிஸ்கட்டுக்குத் தலையாட்டிப் பிச்சை எடுத்துக்கொண்டிருக்கும், படத்தில் சுவாரசியம் இருக்காது. அவற்றுக்கென்று விற்கும் பிஸ்கட்டைத் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. அதற்காக அவை சும்மா இருக்கும் என்று நினைக்காதீர்கள். என் சட்டைப் பையில் எட்டிப்பார்த்த லென்ஸ் துடைக்கும் துணியை ஒரு மான் உருவிக்கொண்டது. திரும்பப் பிடுங்குவதற்குள் பாதி ஈரம்.

புல்வெளியிலிருந்து கசுகா கோயிலுக்கு நடந்தால் இரண்டு பக்கமும் கல்விளக்குகள். கல்லும் வெண்கலமுமாகச் சுமார் 3,000 விளக்குகள் அந்தக் கோயிலில் உண்டு. கற்களின் தலையில் பாசி, நடுநடுவே மான் தலை நீட்டும். எல்லா விளக்கையும் ஏற்றுவது பிப்ரவரியில் செத்சுபுன் விழா அன்றும் ஆகஸ்ட் 14, 15 தேதிகளிலும்தான். ஆனால் உள்ளே இருட்டறை ஒன்றில் வெண்கல விளக்குகளை எப்போதும் ஏற்றி வைத்திருப்பார்கள். கேமராவின் ஒளி உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 3200 வரை ஏற்றத் தயாராக இருங்கள்.

தோடாய்ஜி கோயிலின் பெரிய புத்தர் மண்டபத்துக்குள் படம் எடுக்கலாம் என்பது நாராவின் பெரிய பலம். நவம்பரில் காலை 8 மணிக்குத் திறப்பார்கள். முதல் ஆளாக நில்லுங்கள். வெண்கலப் புத்தர் சுமார் 15 மீட்டர். தனியாக எடுத்தால் அளவே தெரியாது. கீழே ஊதுவத்தி கொளுத்தும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால்தான் தெரியும். 752இல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற துறவி. ஜப்பானியர்கள் அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்றே கல்வெட்டில் குறித்தார்கள். அவர் பிடித்த தூரிகையில் நீளமான கயிறு கட்டி, அதை வந்தவர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறக்கும் புண்ணியத்தில் பங்கு வேண்டும் என்று. நம் பக்கத்தில் தேர் வடத்தை ஆளுக்கொரு கை தொடுவது நினைவுக்கு வந்தது.

சாயங்காலத்துக்கு நிகத்சுடோ. தோடாய்ஜியைச் சேர்ந்ததுதான், மலைச்சரிவில் மேற்குப் பார்த்த மர மாடம். கட்டணமில்லை, சாத்துவதுமில்லை. நாலரைக்கு ஏறிவிட்டால், பெரிய புத்தர் மண்டபத்தின் கூரைக்கும் நகரத்துக்கும் அப்பால் மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை முழுசாகப் பார்க்கலாம். எல்லோரும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் திரும்பி மாடத்தைப் பாருங்கள். தேய்ந்த பலகைகளில் கடைசி வெயில் படுத்திருக்கும், இறவாணத்தில் தொங்கும் விளக்குகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும். வெயிலும் விளக்கும் ஒரே அளவுக்கு வரும் ஒரு நேரம் உண்டு, ஐந்து நிமிடம்கூட இருக்காது. கியோட்டோவுக்கு ரயில் பிடிக்க வேண்டியவர் அதற்கு முன்பே இறங்கிப் போயிருப்பார். நான் நாராவை ஆதரிக்கும் காரணம் இந்த ஐந்து நிமிடம்தான்.

குறைகளும் உண்டு. கொஃபுகுஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தைப் பழுதுபார்ப்பதற்காக மூடிவைத்திருக்கிறார்கள், முடிய இன்னும் பல வருஷம் ஆகும். சருசாவா குளத்தில் அந்தக் கோபுரத்தின் பிம்பம் எடுக்க வேண்டும் என்ற கனவோடு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எட்டு மணிக்கு மேல் கடைத்தெரு அடங்கிவிடும். சைவச் சாப்பாடு கஷ்டம். அது மூன்று ஊரிலும் கஷ்டம்தான், ஏனென்றால் காய்கறிக் குழம்பிலும் 'தாஷி' என்ற மீன் சாறு இருக்கும். ஒசாகா, கியோட்டோவில் தேடினால் இந்தியக் கடையாவது கிடைக்கும். கியோட்டோவின் ராத்திரி விளக்குகளும் நாராவில் தங்கினால் கைவிட்டுப்போகும்.

வசதி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாராவிலிருந்து கியோட்டோ போகும் ஜே.ஆர். பாதையிலேயே உஜி இருக்கிறது. 10 யென் நாணயத்தில் பொறித்த பியோதோயின் கோயில் அங்கேதான். 1053இல் கட்டிய அந்த மண்டபம் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக முகத்தில் விழும், முன்னால் குளம். மதியம் போனால் முகம் நிழலில் இருக்கும். இனாரியும் இதே பாதைதான்.

கோயாசான் போகலாமா என்றும் தம்பி கேட்டான். அவன் மனைவி முட்டைகூடச் சாப்பிடமாட்டாள் என்பதால் அது நல்ல யோசனைதான். கூகாய் என்ற துறவி 816இல் தொடங்கிய மலைத்தலம், கோயில்களிலேயே தங்கலாம், துறவிகளின் சைவச் சாப்பாடு போடுவார்கள். அங்குள்ள ஓகுனோயின் இடுகாட்டில் தேவதாரு மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் பாதை, பாசி படிந்த கல்லறைகள். கடைசிப் பாலத்தைத் தாண்டினால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். ஆனால் நம்பாவிலிருந்து போகவே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகும். ஐந்து ராத்திரியில் அதற்கு ஒன்றைக் கொடுத்தால் மற்ற ஊர்கள் அரைகுறையாகிவிடும். ஏழு இருந்தால் கட்டாயம் போகச் சொல்லியிருப்பேன்.

அவனுக்கு நான் சொன்ன கணக்கு: முதல் இரண்டு ராத்திரி நாரா, அடுத்த இரண்டு கியோட்டோ, கடைசி ராத்திரி ஒசாகா. பெரிய பெட்டியை 'டக்யூபின்' கூரியரில் நாராவிலிருந்து நேராக ஒசாகா விடுதிக்கு அனுப்பிவிட்டால் நடுவில் முதுகுப்பையோடு நடக்கலாம். "ரெண்டு தடவை ரூம் மாத்தணுமா?" என்று முனகினான். ஒரே அறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், என் பதில் நாரா. ராத்திரி வெளிச்சமும் கூட்டமும் பிடித்தவனாக இருந்தால் ஒசாகா. இலை சிவப்புக்காகவே போகிறவன், அதுவும் ஒரே ஒரு தடவைதான் போவான் என்றால், கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு கியோட்டோ.

"மழை பிடிச்சுக்கிட்டா என்னண்ணா பண்றது?" என்றான் கடைசியாக. நாராவில் மழை வந்தால் சாயங்காலம் கின்டெட்சு ரயில் ஏறி நம்பாவில் இறங்கச் சொன்னேன். ஹோசென்ஜி சந்தின் கல்தரை நனைந்திருக்கும்போதுதான் விளக்குகள் காலடியில் தெரியும். லென்ஸ் துடைக்க இரண்டு துணி எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன், ஒன்று மானுக்கு.